யார் பெயரில் விசா? யாழ்ப்பாணத்து ஆங்கில ஆசிரியை ஒருவர் வெளிநாட்டு வேலைக்குப் போன கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2022 ஜூலை. பெற்றோல் இல்லாத காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வலிகாமத்தைச் சேர்ந்த ஆங்கில ஆசிரியை ஒருவர் ஏழு கிலோமீற்றர் சைக்கிள் மிதித்து என் வீட்டுக்கு வந்தார். நான் ஆங்கிலப் பாடத்துக்குச் சேவைக்கால ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவன். அவருடைய வகுப்பறையைப் பல தடவை பார்த்திருக்கிறேன். நல்ல ஆசிரியை. அவருடைய சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

அப்போது அவருக்கு வயது 36. தேசிய கல்வியியற் கல்லூரியில் ஆங்கிலப் பயிற்சி முடித்து, 12 வருடம் அரச பாடசாலைகளில் கற்பித்தவர். இடையில் திறந்த பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டமும் எடுத்திருந்தார். கணவருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. இரண்டு பிள்ளைகள், கூடவே வயதான தாயார். வீட்டுக்கடனும் இடர்கடனும் கழிய அவர் கைக்கு வந்த சம்பளம் ஏறத்தாழ 38,000 ரூபாய். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பால்மா, அரிசி, பிள்ளைகளின் கொப்பி எல்லாம் கூடவே ஏறின. தாலிக்கொடி தவிர்ந்த நகையெல்லாம் அடைவில் இருந்தது.

அவர் என்னிடம் வரும்போதே ஒரு வேலைக் கடிதத்தோடுதான் வந்தார்.

வந்த கடிதம்

"சேர், இதை ஒருக்காப் பாருங்கோ" என்று கைபேசியை நீட்டினார். தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை. யாழ்ப்பாண நகரத்தில் இருந்த ஒரு தரகர் வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த ஒற்றைப் பக்கம். மொத்தச் செலவு 9 லட்சம் ரூபாய். அதில் 50,000 முற்பணமாக ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.

அந்தப் பக்கத்தை இரண்டு பேருமாக வரிவரியாக வாசித்தோம். மேலே பாடசாலையின் சின்னம், பெரிதாக்கினால் கலங்கியது. முகவரி என்ற இடத்தில் பாங்கொக், தாய்லாந்து என்று மட்டும். தெருவும் இல்லை, தொலைபேசி இலக்கமும் இல்லை. சம்பளம் 1,500 அமெரிக்க டொலர். தாய்லாந்துப் பாடசாலை தன் ஆசிரியருக்குப் பாத்தில் சம்பளம் கொடுக்காமல் ஏன் டொலரில் எழுதவேண்டும்? எந்த வகுப்பு, கிழமைக்கு எத்தனை பாடவேளை, விடுமுறை எப்படி, ஒன்றும் இல்லை. கையொப்பத்துக்குக் கீழே மனிதவள முகாமையாளர் என்று இருந்தது, பெயர் இல்லை. கடைசி வரிக்கு முதல் வரி இப்படி இருந்தது: விசா தொடர்பான ஏற்பாடுகள் ஆசிரியர் வந்து சேர்ந்த பின்னர் செய்யப்படும்.

தரகருக்கு அழைப்பு எடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். "ரீச்சர், எல்லாரும் விசிட்டிலதான் போறவை. இறங்கி மூண்டு கிழமையில அங்க மாத்திக் குடுப்பினம். பயப்பிடாதேங்கோ" என்றார். பாடசாலையின் இலக்கம் கேட்டேன். அது தரமாட்டார்களாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிம இலக்கம் கேட்டேன். அது கொழும்பு அலுவலகத்தில் இருக்கிறதாம். அன்றிரவே பணியகத்தின் இணையத்தளத்தில் உரிமம் பெற்ற முகவர்களின் பட்டியலைப் பார்த்தேன். அவர் சொன்ன நிறுவனப் பெயர் அதில் இல்லை.

தாய்லாந்தில் வெளிநாட்டு ஆசிரியர் முறையாக வேலை செய்யும் வழி மறைபொருள் இல்லை. பாடசாலை கடிதம் கொடுக்கும். அதை வைத்துக் கொழும்பில் உள்ள தாய்லாந்துத் தூதரகம் மூலம் குடியேற்றமல்லா பி வகை விசா எடுக்கவேண்டும். போன பிறகு வேலை அனுமதிப் பத்திரம். அதோடு தாய்லாந்து ஆசிரியர் மன்றத்தின் உரிமம், அல்லது தற்காலிக அனுமதி. அந்த மன்றத்தைக் குருசபா என்பார்கள், நம்முடைய குரு சபை என்ற அதே சொல்தான். இந்தப் படிகள் ஒவ்வொன்றிலும் பாடசாலையின் பெயரும் முத்திரையும் வேண்டும். பெயர் சொல்ல மறுக்கும் பாடசாலையால் இதில் முதற்படிகூட எடுக்கமுடியாது.

முதல் முடிவு

போகவேண்டாம் என்று முடிவானது. சொல்வதற்கு இலகுவாக இருக்கிறது, எடுக்க ஒரு கிழமை பிடித்தது. அவருடைய கணவர் என்னோடு கோபப்பட்டார். "அம்பதாயிரம் போனது போகட்டும் எண்டு சொல்லுறது உங்களுக்கு லேசு, சேர்" என்றார். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. அந்த 50,000 ஆசிரியையின் தாயாரின் காப்பை அடைவு வைத்த காசு. தரகர் திருப்பித் தரவில்லை.

நான் அவர்களிடம் வைத்த காரணம் ஒன்றுதான். சுற்றுலா விசாவில் போய் வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்குச் சம்பளம் கிடைக்காவிட்டால் முறையிட இடமில்லை. முறையிட்டால் முதலில் பிடிபடுவது அவர்தான். 9 லட்சம் கடனோடு அந்த நிலையில் நிற்பதைவிட 50,000 இழப்பது சிறிய இழப்பு.

அதே தரகர் மூலம் இளைஞர் ஒருவர் போனார். அவரும் ஆங்கிலம் கற்பிக்கிறவர்தான். பாடசாலை என்று சொன்னது ஒரு ரியூட்டரி, அதாவது தனியார் வகுப்பு நடத்தும் இடம். இரண்டு மாதம் அரைச் சம்பளம், பிறகு அதுவும் இல்லை. விசாக் காலம் கடந்து நின்றதற்கு நாளுக்கு 500 பாத் வீதம் தண்டம் கட்டித்தான் விமானம் ஏறினார். தாய்லாந்து வேலை என்று கூட்டிப்போய் மியன்மார் எல்லையில் மியாவடிப் பக்கத்து இணைய மோசடி முகாம்களில் இலங்கையர்களை அடைத்து வைத்த செய்திகள் பின்னாளில் வந்தபோது, அந்தக் கணவர் தானாக வந்து என்னோடு கதைத்தார்.

கடவுச்சீட்டு முதலில், தகுதி பிறகு

ஓகஸ்ட் மாதம் புதிதாகத் தொடங்கினோம். இந்தத் தடவை சம்பளத்தை விட்டுவிட்டு, இலங்கைக் கடவுச்சீட்டோடு ஆங்கிலம் கற்பிக்க எந்த நாடு வேலை விசா தருகிறது என்று பார்த்தோம்.

இது கசப்பான வாசிப்பு. தென்கொரியா மொழி ஆசிரியருக்குக் கொடுக்கும் ஈ-2 விசா அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களை வைத்து அமைந்தது. நம்முடைய ஆசிரியை எவ்வளவு திறமானவராக இருந்தாலும் அந்தப் படிவத்தில் அவருக்குக் கட்டம் இல்லை. சீனாவிலும் பொதுவாக ஆங்கிலம் தாய்மொழியான நாடுகளின் கடவுச்சீட்டையே எதிர்பார்க்கிறார்கள். 20 வருடம் ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்திலேயே கற்பிக்கிற ஒருவரை மேலட்டையின் நிறம் பார்த்து ஒதுக்குவது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அநியாயம் என்பதற்காக அந்த நாடுகளுக்கு விண்ணப்பம் போட்டு மாதங்களை வீணாக்க முடியாது.

இங்கிலாந்தையும் பார்த்தோம். இலங்கையில் பெற்ற ஆசிரியர் தகுதியை அங்கே நேரடியாக மாற்றிக்கொள்ள வழி இருக்கவில்லை. வளைகுடாவில் ஆட்கள் தேவை, ஆனால் நல்ல பாடசாலைகள் கல்வியியல் பட்டம் கேட்டன. இவரிடம் இருந்தது கலைப் பட்டமும் கற்பித்தல் டிப்ளோமாவும். வியட்நாமும் தாய்லாந்தும் முறையான வழியில் திறந்திருந்தன. பட்டம், கற்பித்தல் சான்றிதழ், ஆங்கிலத் தேர்வுப் பெறுபேறு என்று கேட்டார்கள். பிறகு மாலைதீவு. அங்கே பாடசாலைகளின் போதனாமொழியே ஆங்கிலம். இலங்கை, இந்திய ஆசிரியர்கள் நீண்டகாலமாகவே அங்கே கற்பிக்கிறார்கள். கொழும்பிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம். பிள்ளைகளை விட்டுப் போகிற தாய்க்கு அந்த ஒன்றரை மணித்தியாலம் பெரிய விஷயம்.

மாலைதீவை முதலாவதாகவும் வியட்நாமை இரண்டாவதாகவும் வைத்தார்.

லீவு

இந்த நிகழ்வில் அவருக்குக் கிடைத்த பெரிய பலம் இதுதான். 2022 ஜூனில் வந்த 14/2022 இலக்க அரச நிர்வாகச் சுற்றறிக்கை, அரச ஊழியர் 5 வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போய் வேலை செய்ய இடம் கொடுத்தது. சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படாது என்றது. பதிலுக்கு மாதாமாதம் வெளிநாட்டு நாணயம் அனுப்பவேண்டும் என்பது நிபந்தனை. இவர் முதலில் வேலையை விட்டுவிடுகிறேன் என்றுதான் சொன்னார். லீவு நடைமுறை இழுபடும், அதற்குள் வாய்ப்புப் போய்விடும் என்ற பயம். நான் மறித்தேன். 12 வருட அரச சேவையை எறிந்துவிட்டு ஓரிரு வருட ஒப்பந்தத்துக்குப் போவது நிரந்தரத்தைக் கொடுத்துத் தற்காலிகத்தை வாங்குவதாகும்.

அதிபர் பரிந்துரைத்தார், வலயக் கல்விப் பணிமனைக்குப் போனது, அங்கிருந்து மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு. ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறை இருக்கும் வலயம் ஆதலால் பதிலாள் யார் என்ற கேள்வி இரண்டு தடவை திரும்பி வந்தது. அனுமதிக் கடிதம் கைக்கு வர நான்கு மாதம்.

ஒரு எழுத்து

எல்லாவற்றிலும் அதிக நாள் தின்றது அவருடைய பெயர்.

அவருடைய பெயரில் ஒரு தகரம் வரும். ஆங்கிலத்தில் எழுதும்போது பட்டச் சான்றிதழில் டி, எச் என்ற இரண்டு எழுத்தும் இருந்தன. கற்பித்தல் டிப்ளோமாவில் டி மட்டும். தேசிய அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முழுதாக முன்னால். பட்டத்தில் அது ஒற்றை முதலெழுத்து. விவாகப் பதிவுக்குப் பிறகு எடுத்த ஆவணங்களில் கணவர் பெயர் பின்னால். பிறப்புச் சான்றிதழ் தமிழில் என்பதால் மொழிபெயர்ப்பாளர் தன் எண்ணப்படி மூன்றாவது எழுத்துக்கூட்டலைப் போட்டிருந்தார். நாலு ஆவணத்தை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது நாலு பெண்கள் இருந்தார்கள்.

நமக்கு இது சாதாரணம். குடும்பப் பெயர் என்று ஒன்று நம்மிடம் இல்லை. தகப்பன் பெயர் முன்னால் நிற்கும், அவ்வளவுதான். ஆனால் வேறு நாட்டில் விசா அலுவலர் கடவுச்சீட்டில் உள்ள எழுத்தைப் பட்டச் சான்றிதழில் தேடுவார். இல்லாவிட்டால் விண்ணப்பம் திரும்பும்.

கடவுச்சீட்டு காலாவதியாகி இருந்தது இந்த இடத்தில் உதவியது. புதிதாக எடுக்கும்போது பட்டச் சான்றிதழின் எழுத்துக்கூட்டலையே வைக்கத் தீர்மானித்தோம். அந்த வருடம் வவுனியாப் பிராந்திய அலுவலகத்தில் நின்ற வரிசையை மறந்திருக்க மாட்டீர்கள். இவரும் கணவரும் முதல்நாள் இரவே போய் வாசலில் பாய் விரித்துப் படுத்தார்கள். டிப்ளோமாவில் இருந்த வித்தியாசத்துக்குச் சத்தியக்கடதாசி முடித்தார். மொழிபெயர்ப்பைக் கடவுச்சீட்டு எழுத்துப்படி திருப்பிச் செய்வித்தார். பிறகுதான் வெளிவிவகார அமைச்சின் சான்றுறுதி. அதற்காவது கொழும்புக்கு ஓடவேண்டி இருக்கவில்லை. யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தில் இருக்கும் அமைச்சின் பிராந்திய அலுவலகத்திலேயே முடிந்தது. பொலிஸ் நற்சான்றிதழும் வந்தது. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் 7.5 எடுத்தார். அந்தப் பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால் மற்ற ஆவணங்கள் முடியும் தறுவாயில்தான் தேர்வுக்குப் போகச் சொன்னேன்.

விண்ணப்பமும் நேர்காணலும்

மாலைதீவுப் பாடசாலைகளுக்கு நேரடியாக 14 விண்ணப்பங்கள் அனுப்பினார். ஐந்துக்குப் பதில் வந்தது, இரண்டு நேர்காணல். ஸூம் மூலம் பத்து நிமிடம் மாதிரிப் பாடம் நடத்தச் சொன்னார்கள். மின்வெட்டு நேரம் என்பதால் இன்வெர்ட்டர் இருந்த ஒன்றுவிட்ட அண்ணர் வீட்டுக்குப் போய், சுவரில் ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தை ஒட்டி அதில் எழுதிக் கற்பித்தார். ஓர் அற்றோலில் (பவளத்தீவுக் கூட்டத்தில்) உள்ள பாடசாலை அவரைத் தெரிவு செய்தது.

இந்தக் கடிதம் எட்டுப் பக்கம். மாதச் சம்பளம் மாலைதீவு நாணயத்தில் 13,500 ரூபியா, தங்குமிடம், வருடம் ஒரு தடவை விமானச் சீட்டு, பாடவேளை, இரண்டு வருட ஒப்பந்தம், இரு பக்கமும் விலகுவதற்கான அறிவித்தல் காலம் எல்லாம் எழுத்தில் இருந்தன. கையொப்பமிட முன் மின்னஞ்சலில் மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன். வேலை அனுமதிக்கு விண்ணப்பிப்பது யார், அதன் மாதக் கட்டணமும் வைப்புப் பணமும் யார் பொறுப்பு, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்பதை எத்தனை நாளுக்கு முன் சொல்வீர்கள். மூன்றுக்கும் பதில் எழுத்தில் வந்தது. அனுமதி பாடசாலையின் பெயரில், இவர் இலங்கையில் இருக்கும்போதே. இலங்கையர் மாலைதீவில் இறங்கினாலே 30 நாள் சுற்றுலா அனுமதி கிடைக்கும் என்பதால், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு அங்கேயும் உண்டு. அதனால் அனுமதிப் பத்திரத்தின் பிரதி வரும்வரை சீட்டுப் போடவில்லை.

வேலைவாய்ப்புப் பணியகத்தில் சுயமாக வேலை தேடியவராகப் பதிவு செய்து, 2023 ஜனவரியில் புறப்பட்டார்.

அங்கே நடந்தது

முதல் இரண்டு கிழமையில் மருத்துவப் பரிசோதனையும் மற்ற அலுவல்களும் முடிந்தன. ஞாயிறு முதல் வியாழன் வரை பாடசாலை. பிள்ளைகள் ஆங்கிலம் தாராளமாகப் பேசினார்கள், எழுத்துத்தான் பலவீனம். அது அவருக்குப் பழகிய வேலை. இரண்டு அறை வீட்டில் இன்னும் மூன்று இலங்கை ஆசிரியைகள். தீவைச் சுற்றி நடந்து முடிக்க அரை மணித்தியாலம் போதும். முதல் மூன்று மாதமும் இரவில் அழுததாகச் சொன்னார்.

மே மாதத்தில் ஒரு சிக்கல். வேலை அனுமதியின் நிலையை மாதா மாதம் இணையத்தில் பார்க்கும்படி புறப்படும்போதே சொல்லியிருந்தேன். ஒரு மாதக் கட்டணம் செலுத்தப்படவில்லை என்று காட்டியது. அலுவலகத்தில் யாரோ தவறவிட்டது. அதைக் கைபேசியில் படமெடுத்து, பாடசாலைக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அடுத்த நாள் சரியானது. பார்க்காமல் விட்டிருந்தால் பெயர் கெட்டிருப்பது இவருக்குத்தான்.

காசு விஷயத்தில் நாங்கள் கணக்குப் பிழைவிட்டோம். 13,500 ரூபியா, 15.42 என்ற உத்தியோகபூர்வ வீதத்தில் ஏறத்தாழ 875 டொலர். அவர் போன ஜனவரியில் டொலர் 360 ரூபாய்க்கு மேல், அதாவது 3 லட்சத்துக்கு மேல். எங்கள் கடன் கணக்கெல்லாம் அந்த எண்ணில் போட்டது. ஆனால் 2023இல் ரூபாய் மீண்டது. வருட நடுவில் டொலர் 300 ரூபாயளவுக்கு வந்துவிட்டது. அதே 875 டொலர் இரண்டரை லட்சத்துச் சொச்சமானது. அதற்கு மேல் மாலைதீவில் டொலர் தட்டுப்பாடு. சம்பளம் ரூபியாவில் கணக்குக்கு வரும். அதை டொலராக்கி அனுப்ப வங்கியில் வரையறையும் காத்திருப்பும். வெளியே வாங்கினால் ஒரு டொலருக்கு 17, 18 ரூபியா கேட்டார்கள். லீவு நிபந்தனைப்படி வங்கி வழியாகத்தான் அனுப்பவேண்டும் என்பதால் வெளிச்சந்தையை அவர் தொடவில்லை. சில மாதம் காசு கணக்கிலேயே கிடந்தது.

அவர் ஒரு சிறிய கொப்பியில் மாதா மாதம் எழுதி வந்தார். 2023 ஓகஸ்ட் பக்கத்தை எனக்குக் காட்டினார்: சம்பளம் 13,500. சாப்பாடு 2,600. கைபேசி 350. அனுப்பினது 400 டொலர். மிச்சம் அடுத்த மாசம். அதற்குக் கீழே வேறு மையில், சின்னவளுக்குப் பல் விழுந்தது.

விளைவு

2024 ஜூனுக்குள் நகையெல்லாம் மீண்டது, தாயாரின் காப்பு முதலாவதாக. இடர்கடன் முடிந்தது. வீட்டுக்கடன் தொடர்கிறது. நாங்கள் 14 மாதம் என்று போட்ட கணக்கு 17 மாதம் எடுத்தது. ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, எழுதித் தந்தபடியே பாடசாலை புதுப்பிக்கும் விருப்பத்தைக் கேட்டது. மூத்த மகனுக்குச் சாதாரண தரப் பரீட்சை நெருங்குவதால் இன்னும் ஒரு வருடம் மட்டும் என்று கையொப்பமிட்டார். அப்போது லீவில் இரண்டு வருடத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. நினைத்த நேரம் தன் பாடசாலைக்குத் திரும்பலாம் என்ற நிலை அவருடைய பேச்சிலேயே தெரிகிறது. முதல் வருடம் அதிபரோடு கதைக்கவே பயந்தவர், இரண்டாம் வருடம் பாடவேளை கூட்டியபோது ஒப்பந்தத்தின் பக்கத்தைக் காட்டிக் கதைத்தார்.

கணவருக்கும் பிள்ளைகளுக்கும் ஏற்பட்டதை எண்ணில் எழுதமுடியாது. சின்னவள் முதல் வருடம் தொலைபேசியில் தாயோடு கதைக்க மறுத்தாள். இப்போது கதைக்கிறாள்.

திரும்பச் செய்தால் எதை மாற்றுவோம்

நாணயக் கேள்வியை நான்காவதாகச் சேர்ப்பேன்: எந்த நாணயத்தில் சம்பளம், அதில் எவ்வளவை எந்த வங்கி வழியாக மாதம் அனுப்பமுடியும் என்று அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவரிடம் கேட்டு அறிவது. இதை நான் யோசிக்கவில்லை. பிழை என்னுடையது. கடன் கணக்கையும் அன்றைய டொலர் வீதத்தில் போடாமல், ஐந்தில் ஒரு பங்கு குறைத்துப் போட்டிருக்கவேண்டும்.

முற்பணம் கொடுக்க முன் பணியகத்தின் பட்டியலைப் பார்த்திருந்தால், அல்லது பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு ஓர் அழைப்பு எடுத்திருந்தால் 50,000 மிஞ்சியிருக்கும். தரகர் மீது பணியகத்தில் முறைப்பாடு செய்யாமல் விட்டதும் சரியில்லை. அயலவர், பொல்லாப்பு வேண்டாம் என்று விட்டோம். அந்த இளைஞர் போனது அதற்குப் பிறகுதான். இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பெயர் வேலையை வேலை கிடைத்த பிறகு என்று வைத்திருந்தால் இந்த வாய்ப்புப் போயிருக்கும். ஆனால் அதையும் இன்னும் முந்தி, பட்டச் சான்றிதழ் கைக்கு வந்த வருடமே செய்திருக்கலாம்.

தாய்லாந்திலிருந்து தண்டம் கட்டித் திரும்பிய அந்த இளைஞர் போன மாதம் என்னிடம் வந்தார். வெளிவாரியாகப் பட்டம் முடித்துவிட்டார், இப்போது வியட்நாமைப் பார்க்கிறார். சான்றிதழ்களைக் கோப்போடு மேசையில் வைத்தார். முதலில் பிறப்புச் சான்றிதழையும் கடவுச்சீட்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாகப் பார்க்கத் தொடங்கினோம்.